பதினைந்தில் தொடங்குவது இருபத்தைந்தில் எங்கே நிற்கிறது?

கோத்தகிரியிலோ மன்னவனூரிலோ ஒரு வீட்டுப் பையன் குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "வயசுப் பையன், அப்படித்தான் இருப்பான். ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டா சரியாயிடும்" என்பார் பெரியப்பா. "தொட்டுட்டான்ல, இனி அவ்வளவுதான்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியப்பாவை நம்பினால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரை நம்பினாலும் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்த வகையில் இரண்டுமே வசதியான பேச்சுகள்.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். இளவயதில் போதையைத் தொட்டவர்களில் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். சிலர் விடுவதில்லை. யார் விடுவார், யார் விடமாட்டார் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். அந்தக் கணக்கை நீலகிரி, கொடைக்கானல் என்று நம் மலைகளுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் சில இடங்களில் அது அப்படியே பொருந்துகிறது. முக்கியமான ஓர் இடத்தில் பொருந்தவே இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975-ல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களிடம் என்ன குடித்தாய், என்ன புகைத்தாய், எத்தனை முறை என்று ஆண்டுதோறும் கேட்பார்கள். அதோடு விட்டுவிடாமல், ஒவ்வோர் ஆண்டு மாணவர்களிலும் ஒரு பகுதியினரை நடுவயது வரைக்கும் தொடர்ந்து, அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். அதில் தெரியவந்த கோடு இப்படிப் போகிறது: பதின்பருவத்தின் நடுவில் ஏறத் தொடங்குகிறது, 20-களின் முதல் பாதியில் உச்சிக்குப் போகிறது, பின்பாதியில் இறங்குகிறது. மொடாக்குடியும் கஞ்சாவும் பெரும்பாலும் இந்தக் கோட்டிலேயே போகின்றன. சிகரெட் மட்டும் லேசில் இறங்காது. நிகோட்டின் பிடி அப்படி. ஏறுவதும் இறங்குவதும் வாழ்க்கை மாற்றங்களோடு சேர்ந்தே நடக்கின்றன. வீட்டை விட்டு விடுதிக்குப் போகும்போது ஏறுகிறது. கல்யாணம், குழந்தை என்று வரும்போது இறங்குகிறது. பெரியப்பா இதைப் படித்தால் மீசையை முறுக்கிக்கொள்வார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்கள்

ஒரு கோடு என்று சொன்னது சராசரி. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடவே தொடாதவர்கள், அல்லது எப்போதாவது தொட்டுவிட்டு நகர்ந்துவிடுபவர்கள், பெரும் பகுதி. கல்லூரிக் காலத்தில் ஆட்டம் போட்டுவிட்டு 25-க்குள் அடங்குபவர்கள் ஒரு கூட்டம். பள்ளியில் சமர்த்தாக இருந்து, சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு தாமதமாக ஏறுபவர்கள் இன்னொரு கூட்டம். கடைசியாக ஒரு சிறிய கூட்டம்: 12, 13 வயதிலேயே தொடங்கி, ஏறி, இறங்காமலே போகிறவர்கள். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்துவரும் ஆய்வை வைத்து, உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993-ல் இதுபோன்ற ஒரு பிரிவைச் சொன்னார். பதின்பருவத்தோடு முடிந்துவிடும் சேட்டை ஒன்று, சின்ன வயதில் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடரும் கோளாறு இன்னொன்று. 16 வயதில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஒரே சிறுபாலத்துத் திண்டில் உட்கார்ந்து ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொள்வார்கள். வித்தியாசம் 10 வயதில் இருந்திருக்கும், 30 வயதில் மறுபடி தெரியும்.

அவர்களைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் எளிமையானது தொடங்கிய வயது. அமெரிக்காவில் 1990-களில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் இது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கியதாலேயே இந்த வித்தியாசமா, இல்லை சீக்கிரம் தொடங்க வைத்த வீட்டுச் சூழலும் மனநிலையுமே பிறகும் தொடர்ந்தனவா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். எப்படியானாலும், எந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு அந்த வயது நல்ல குறியீடு.

மரபணுவின் பங்கு இங்கே கொஞ்சம் விசித்திரமானது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, குடிக்கு அடிமையாகும் சாய்வில் ஏறக்குறைய பாதி மரபு வழியாக வருகிறது. ஆனால் 13, 14 வயதில் ஒருவன் தொடுகிறானா இல்லையா என்பதில் மரபின் பங்கு சொற்பம். வீடு, நண்பர்கள், கைக்கெட்டும் தூரம், இவைதான் அந்த வயதில் தீர்மானிக்கின்றன. வயது ஏற ஏறத்தான் மரபு தலைகாட்டுகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளைப் பற்றி "அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்று கீழே இருந்து வருகிறவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். தொடங்கும் வயதைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுக்கு அறிவியலில் இடமில்லை. நிலம் போனது, கூலி வேலை வந்தது, எட்டிய தூரத்தில் பாட்டில் வந்தது. பார்க்க வேண்டியது அந்த வரிசையை.

முதல் பொட்டலம்

அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் கேண்டல் 1975-ல் ஒரு படிவரிசையைக் காட்டினார். முதலில் பீர் அல்லது ஒயின், அடுத்து சிகரெட் அல்லது கடுமையான மது, பிறகு கஞ்சா, அதற்குப் பிறகுதான் மற்றவை. படியில் ஏறியவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில் ஏறினார்கள். இதிலிருந்துதான் 'நுழைவாயில்' என்ற பேச்சு பிறந்தது. மேல் படியில் இருப்பவர் கீழ்ப் படியைத் தாண்டித்தான் வந்திருப்பார், சரி. அதற்காகக் கீழ்ப் படியில் நிற்கும் எல்லோரும் மேலே போவார்கள் என்றாகாது. பெரும்பாலானவர்கள் போவதில்லை. பள்ளிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளோ கூட்டம் முடிந்து வெளியே வந்து, சிகரெட் பிடித்தும் நன்றாகவே இருக்கும் தன் அண்ணனைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் கேட்ட எதையும் நம்புவதில்லை.

இந்தியாவில் வரிசை வேறு. 2013-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக, ஏற்கெனவே ஏதோ ஒரு போதைப் பொருளைப் பயன்படுத்திவந்த 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் எய்ம்ஸ் மருத்துவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். புகையிலை சராசரியாக 12.3 வயதில் தொடங்கியிருந்தது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர் போன்ற முகர்கிற பொருட்கள் 12.4. கஞ்சா 13.4, மது 13.6. மதுவுக்கு முன்பே பசை வந்துவிடுகிறது. மலிவு, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், வாங்கப் போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். 2019-ல் சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பிலும் இதே கதைதான்: எல்லாப் பொருட்களையும் குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம் பயன்படுத்தினார்கள், முகர்கிற பொருட்களைத் தவிர. அதில் மட்டும் 10 முதல் 17 வயதினர் 1.17 சதவீதம், பெரியவர்கள் 0.58.

நம் மலைகளில் முதல் படி பெரும்பாலும் புகையிலைதான். தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கிற அம்மாவின் மடியில் வெற்றிலையோடு புகையிலையும் இருக்கும். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறாமலிருக்க அதையே தேய்த்துக்கொள்வார்கள், கடித்த அட்டையை விடுவிக்கவும் அதுவே மருந்து. அதனால் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகையிலை ஒரு விலக்கப்பட்ட பொருளாகவே தோன்றுவதில்லை. உப்பு, சுண்ணாம்பு மாதிரி வீட்டுச் சாமான். பீடிக்கு நெருப்பு வேண்டும், நாற்றம் வரும். ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலைக்குத் துப்ப இடம் வேண்டும். கூல் லிப் வந்தபோது இந்த இரண்டு தொந்தரவும் போய்விட்டன. சின்னப் பொதி, புதினா வாசம், உதட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ஆசிரியருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் குட்காவும் மெல்லும் புகையிலையும் 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. கல்வி நிலையங்களுக்கு 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்பது 2003-ன் மத்தியச் சட்டம். மலையூரில் பள்ளி, கோயில், பஸ் நிறுத்தம், மளிகைக் கடை எல்லாம் ஒரே வளைவில்தான் இருக்கும். 100 கஜம் தாண்டினால் சரிவு. சட்டத்தை எழுதியவர்கள் சமதளத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

சாயங்காலம் நாலரை மணி

பதின்பருவ மூளையைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், அதனால் சுருக்கமாக. இன்பத்தைத் தேடி ஓடும் பகுதி பருவமடைதலோடு விழித்துக்கொள்கிறது. நிதானித்து 'வேண்டாம்' என்று சொல்லும் முன்நெற்றிப் பகுதி முதிர 20-களின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய அம்சம் கூட்டாளிகள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கணினியில் ஆட வைத்தார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதினர் ஓரளவு நிதானமாகவே ஆடினார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்தை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் யார் பார்த்தாலும் பெரிய மாற்றமில்லை. இந்த வயதில் கேடு என்ன என்று தெரியாமல் தொடுகிறவர்கள் குறைவு. தெரிந்திருந்தும், நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகத் தொடுகிறார்கள்.

சரி, அந்த நாலு பேர் எங்கே கூடுகிறார்கள்? மலையூர்களில் சமதளம் என்பது அரிய பொருள். கொஞ்சம் சமமாக இருந்தால் அங்கே கட்டடம் வந்துவிடும், அல்லது கேரட்டும் பூண்டும் வந்துவிடும். விளையாட்டு மைதானம் இருக்கும் ஊரை விரல்விட்டு எண்ணலாம். நாலரை மணிக்குப் பள்ளி விட்டால் மூடுபனி இறங்கிவிடும், ஆறு மணிக்கு இருட்டு. அப்பா அம்மா தோட்ட வேலையிலிருந்து திரும்பும்வரை இடையில் ஒன்றிரண்டு மணி நேரம். சிறுபாலம், தண்ணீர்த் தொட்டி மறைவு, பாழடைந்த பங்களாத் திண்ணை, இவைதான் கூடுமிடங்கள்.

இந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைக் குறிவைத்தே ஒரு நாடு தன் கணக்கை மாற்றியிருக்கிறது. ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் போதையேறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23-லிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அவர்கள் பயமுறுத்தும் சுவரொட்டிகளை நம்பவில்லை. பள்ளி விட்டபிறகு விளையாட்டு, இசை, நடனம் என்று சேர்த்துவிடப் பெற்றோருக்குப் பணம் கொடுத்தார்கள். இரவு நேரத்தில் சிறுவர்கள் வெளியே திரியக் கட்டுப்பாடு போட்டார்கள். பெற்றோர்களை ஒருவரோடொருவர் பேச வைத்தார்கள். அதுவும் குளிர், இருட்டு, சின்ன ஊர்கள் கொண்ட நாடுதான். பணக்கார நாடு என்பதை மறக்கவில்லை. ஆனாலும் பள்ளி விட்டு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி விட்டு, அதுவரை பள்ளியிலேயே ஒரு பந்தைக் கொடுத்து வைத்திருக்கப் பெரிய பணம் தேவையில்லை.

சீசன் காசு

பதினேழு, பதினெட்டில் மலைப்பையனின் வாழ்க்கை மாறுகிறது. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத ஆண்டுகள் தொடர்ந்ததில், அப்பாவின் தோட்டத்தை நம்பி இருக்க முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பேர் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிடுகிறார்கள். மிச்சப்பேர் சுற்றுலாவுக்குள் போகிறார்கள்: டிரைவர், ரூம் பாய், காட்டேஜுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர், கேம்ப் ஃபயர் போட்டுக் கொடுப்பவர், மலையேற்ற வழிகாட்டி. ஏப்ரல், மே மாதங்களில் கையில் புரளும் காசு ஜூலை மழையில் இருக்காது. கை நிறையக் காசு இருக்கும் ஆறு வாரமும், வேலையே இல்லாத மூன்று மாதமும், இரண்டுமே குடிக்கு நல்ல காரணங்கள். சம்பளம் சீராக வரும் வேலை ஒருவனை மாதக்கணக்கில் யோசிக்கப் பழக்கும். சீசன் வேலை அப்படிப் பழக்காது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற 20 வயதுக் கூட்டம், தங்கள் கோட்டின் உச்சியில் இருக்கும்போது வருகிறது. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் வரத் தொடங்கியபோதும் அப்படித்தான், இன்று சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருகிறவர்களும் அப்படித்தான். மழைக்காலப் புல்வெளிகளில் முளைக்கும் போதைக் காளானைத் தேடி வருகிறவர்களைப் பற்றிச் செய்தி படிக்காத தமிழர் இருக்க மாட்டார். காளானிலுள்ள சைலோசிபின் மது, நிகோட்டின் மாதிரி அடிமைப்படுத்தும் பொருளல்ல. ஆனால் போதைப் பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. நிதானமில்லாமல் பாறை விளிம்பில் நடப்பதும், நச்சுக் காளானை மாற்றிப் பறிப்பதும், பீதி பிடித்து ஓடுவதும்தான் அதன் உடனடி ஆபத்துகள். 2020 பிப்ரவரியில் கொடைக்கானல் மேல்மலையில் ஓர் இரவு விருந்தில் 200-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிடிபட்டபோது நாளிதழ்கள் இரண்டு நாள் அதையே எழுதின.

வந்தவர்களில் பெரும்பாலானோர் திங்கட்கிழமை வேலைக்கோ கல்லூரிக்கோ திரும்பிவிடுவார்கள். சில ஆண்டுகளில் இதெல்லாம் பழைய கதையாகிவிடும். அவர்களுக்குப் பொட்டலம் கைமாற்றிவிட்ட உள்ளூர்ப் பையனுக்குத் திரும்ப வேறு இடம் கிடையாது. அவன் 16 வயதில் வேடிக்கையாகப் பார்த்தான், 17-ல் வாங்கிக் கொடுத்தான், 18-ல் தானும் சேர்ந்துகொண்டான். பிடிபட்டால் வழக்கும் அவன்மேல்தான் கனமாக விழும், ஏனென்றால் பயன்படுத்தியவனைவிட விற்றவனுக்குத் தண்டனை அதிகம். சுற்றுலா மலைகளில் போதையைப் பற்றி எழுதும்போது நாம் எப்போதும் வந்தவர்களைப் பற்றியே எழுதுகிறோம். இங்கேயே இருக்கிறவர்களின் கதை செய்தியாவதில்லை.

கஞ்சாவைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 'இலைதானே, இயற்கைதானே' என்ற பேச்சு மலையில் அதிகம். வயது வந்தபிறகு எப்போதாவது புகைப்பவரில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை, உண்மை. சின்ன வயதில் தொடங்குவது வேறு விஷயம். சுவீடனில் ராணுவத்துக்குச் சேர்க்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1987-ல் வந்தது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. முன்பு சொன்ன டுனெடின் ஆய்வில், 15 வயதுக்குள் தொடங்கியவர்களில் 10-ல் ஒருவருக்கு 26 வயதில் மனச்சிதைவு வகை அறிகுறிகள் இருந்தன. தொடாதவர்களில் 100-க்கு மூன்று பேர். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மலைகளில் இதை "பேய் பிடிச்சிருக்கு", "செய்வினை" என்று கோயில் கோயிலாகக் கூட்டிப் போய், ஓராண்டு கழித்து மருத்துவரிடம் வருகிறார்கள். முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கினால் கிடைக்கும் பலன் அதற்குப் பிறகு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

இறங்காத கோடு

இப்போது பெரியப்பாவிடம் வருவோம். மிச்சிகன் கோடு 20-களின் பின்பாதியில் இறங்குகிறது என்றேன். இந்தியாவில் கஞ்சாவும் பசையும் மாத்திரையும் ஓரளவு அப்படி இறங்கலாம். மது இறங்குவதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள்: 15 முதல் 19 வயது ஆண்களில் குடிப்பவர்கள் கொஞ்சம் பேர், 20-களில் ஏறுகிறது, 30-களில் இன்னும் ஏறுகிறது, கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த 35-க்குப் பிறகும் உயரத்திலேயே நிற்கிறது. அமெரிக்கப் பையனுக்குக் குடி என்பது இளமையின் ஆட்டம்; குடும்பஸ்தன் ஆனால் அதை விட்டு வெளியே வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம்மூரில் குடி பெரிய மனிதனாவதற்கான சடங்கு. கல்யாண வீட்டுக்குப் பின்னால், இழவு வீட்டில், திருவிழா முடிந்த இரவில், சித்தப்பா முறையில் ஒருவர் "இப்பத்தான் நீ ஆம்பளை" என்று முதல் கட்டிங்கை ஊற்றிக் கொடுக்கிறார். வயது ஏறினால் கோடு ஏன் இறங்கும்? அவன் எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தானோ அந்தக் கூட்டமே 40, 50 வயதுக்காரர்களுடையது.

அமெரிக்காவில் கல்யாணம் குடியைக் குறைக்கிறது என்ற கண்டுபிடிப்பும் அளவாகக் குடிக்கும் சராசரி ஆளைப் பற்றியது. அடிமையாகிவிட்ட ஒருவரைக் கல்யாணம் திருத்தும் என்று அந்த ஆய்வுகள் எங்கும் சொல்லவில்லை. அங்கே அவர்களே துணையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு முன்பே குறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கே கால்கட்டு என்பது சிகிச்சைக்கு மாற்றாக, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் கட்டப்படுகிறது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில், அடிக்கடி போதையேறும் அளவுக்குக் குடிக்கும் கணவர்களைக் கொண்ட பெண்களில் 10-க்கு ஏழு பேர் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருந்தார்கள். குடிக்காத கணவர்களின் மனைவியரில் இது ஏறக்குறைய நான்கில் ஒன்று. கால்கட்டின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இந்த எண் சொல்லிவிடுகிறது. 2019 கணக்கின்படி நாட்டில் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6. குடிப்பதும் அடி வாங்குவதும் இவ்வளவு துல்லியமாகப் பிரிந்து நிற்கும் விஷயம் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

அரசு எதையும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. காட்டுக்குள் வீசிய மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. நீதிமன்றம் கேட்டது. 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், வேலையும் செய்கிறது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போயிற்று. காலி பாட்டிலைத் திரும்பப் பெறுவதில் காட்டும் அக்கறையை, 21 வயதாகாதவனுக்கு முழு பாட்டிலை விற்காமல் இருப்பதிலும் காட்டலாம் என்று தோன்றாமல் இல்லை. கடை தூரமாக இருக்கும் மலைக்கிராமங்களில் பிளாக்கில் விற்பவர் வயதா கேட்கப்போகிறார்?

இறங்காத கோட்டை இறக்க முடியுமா என்பதற்கு வியட்நாமிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே என்று லீ ராபின்ஸ் 1970-களில் கண்டுபிடித்தபோது யாரும் நம்பவில்லை. பழக்கம் உடம்பில் மட்டும் இல்லை, இடத்தோடும் கூட்டாளிகளோடும் ஒட்டியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன மலைப்பையன் சில மாதங்கள் தொடாமலே இருந்துவிட்டு, ஊர்த் திருவிழாவுக்கு வந்த முதல் நாளிலேயே மறுபடி குடிப்பதற்கு இதுவே காரணம். அந்தச் சிறுபாலத்தைப் பார்த்ததும் உடம்பு கேட்கிறது. அவனைத் 'திருந்தாத ஜென்மம்' என்று திட்டுவதைவிட, அடுத்த திருவிழாவுக்கு எங்கே தங்குவான், யாரோடு இருப்பான் என்று முன்பே பேசிவைப்பது பயன் தரும்.

கேட்க வேண்டிய இடம்

குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது என்கிறது 2019 கணக்கெடுப்பு. மலைகளில் இதோடு தூரமும் சேர்கிறது. மருத்துவக் கல்லூரி ஊட்டியில் இருக்கிறது. பந்தலூரிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். கிளாவரையிலிருந்து கொடைக்கானலுக்கு வரவே பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். 20 வயதுப் பையனுக்குக் கூச்சமும் பயமும் வேறு: மருத்துவமனையில் சொன்னால் போலீஸுக்குப் போய்விடுமோ என்று. 1985-ன் போதைப் பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய ஒருவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். விற்றவருக்கு இது பொருந்தாது. மலைப்பையன்களிடம் இந்தப் பிரிவைப் பற்றிச் சொல்லும் ஆளைப் பார்ப்பது அரிது.

நாள் தவறாமல் நிறையக் குடிக்கும் ஒருவரை வீட்டில் அடைத்துவைத்து ஒரேயடியாக நிறுத்த வைப்பது ஆபத்து. ஓரிரு நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரும் போகலாம். அதை மருத்துவர் மேற்பார்வையில், மருந்தோடு செய்ய வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் குடிக்கும் 19 வயதுக்காரருக்கு அப்படி எதுவும் தேவையில்லை. நம்பிக்கையான ஒருவர், கிராமச் செவிலியரோ ஆசிரியரோ, குற்றம் சாட்டாமல் கால் மணி நேரம் பேசி, எவ்வளவு, எப்போது, ஏன் என்று அவரையே கணக்குப் போட வைப்பது பல நாடுகளில் ஓரளவு பலன் தந்திருக்கிறது. தனியாகக் குடிப்பது, காலையில் எழுந்ததும் கேட்பது, தூக்கத்துக்காகவோ பயத்தை அடக்கவோ குடிப்பது, 15-க்கு முன் தொடங்கியது, அப்பாவுக்கும் அதே பழக்கம், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கால் மணி நேரப் பேச்சு போதாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். பையன் பேசாவிட்டால் அவன் அம்மாவோ அக்காவோ பேசலாம். வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்கும் சொல்லித் தருவார்கள்.